மாதந்தோறும் வரும் நீர்க்கடுப்பு

நம் வீடுகளில் நீர்க்கடுப்புக்கு யாரும் விளக்கம் தேடுவதில்லை. வெயில் அதிகம், தண்ணீர் போதவில்லை, உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று காரணம் கையிலேயே இருக்கும். இளநீர், சீரகத் தண்ணீர், பார்லிக் கஞ்சி என்று மருந்தும் சமையலறையிலேயே இருக்கும். பெரும்பாலும் இவையே போதும். போதாதபோது மருத்துவரைப் பார்க்கிறோம். சிறுநீர்த் தொற்று என்று கூறி அவர் சில நாட்களுக்கு மாத்திரை எழுதித் தருகிறார். நோய் தீர்கிறது.

ஆனால் அதே நீர்க்கடுப்பு அடுத்த மாதமும் அதே நாட்களில் வந்தால்? அதற்கடுத்த மாதமும் வந்தால்?

எங்கள் பிரிவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வந்த இரு பெண்களைப் பற்றிச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறோம். இருவருமே தங்கள் அனுபவம் பிறருக்குப் பயன்படட்டும் என்று இசைவு தந்தவர்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

முதலாமவர் ஒரு பள்ளி ஆசிரியை. வயது முப்பத்து நான்கு. மூன்று ஆண்டுகளாக நீர்க்கடுப்பு. சிறுநீர்ப்பை நிறைய நிறைய அடிவயிற்றில் குத்தல், கழிக்கும்போது எரிச்சல், கழித்து முடிந்த மறுகணமே மீண்டும் போக வேண்டும் என்ற உணர்வு. அவர் கொண்டுவந்த கோப்பில் பதினோரு சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கைகள் இருந்தன. அவற்றுள் ஒன்பதில் கிருமி எதுவும் வளரவில்லை என்றே எழுதியிருந்தது. ஆயினும் ஒவ்வொரு முறையும் அவர் ஆன்டிபயாட்டிக் மாத்திரை உட்கொண்டிருந்தார். நான்கைந்து நாட்களில் வலி தணிந்துவிடும். மாத்திரை வேலை செய்தது என்று அவரும் நம்பினார், மருத்துவர்களும் நம்பினார்கள். பதினோரு அறிக்கைகளின் தேதிகளையும் அவருடைய மாதவிடாய்த் தேதிகளையும் அருகருகே எழுதிப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. வலியைத் தணித்தது மாத்திரை அன்று. மாதவிடாய் முடிந்ததால் வலி முடிந்திருக்கிறது.

இரண்டாமவர் இல்லத்தரசி. வயது இருபத்தொன்பது. அவருக்குச் சிறுநீர் தொடர்பான தொல்லை எதுவுமே இல்லை. கடுப்பில்லை, இரத்தமில்லை, இடுப்பு வலிகூட இல்லை. குழந்தைப்பேற்றுக்கான ஆலோசனைக்காக வந்திருந்தார். சினைப்பையில் 'சாக்லேட் கட்டி' என்று முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பாக எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் அவருடைய இடது சிறுநீரகம் வீங்கி, அதன் சதைப்பகுதி மெலிந்து, ஒரு நீர்ப்பை போலக் கிடந்தது.

வலியால் துடித்தவரின் இரு சிறுநீரகங்களும் நலமாக இருந்தன. வலியே இல்லாதவர் ஒரு சிறுநீரகத்தை ஏறத்தாழ இழந்திருந்தார். இருவருக்கும் இருந்தது ஒரே நோய்: சிறுநீர்ப் பாதையைத் தாக்கிய எண்டோமெட்ரியோசிஸ். இந்நோயில் வலியின் அளவு ஆபத்தின் அளவாகாது. இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவதன் சாரம் இதுதான்.

இடம் மாறிய திசு

கருப்பையின் உட்புறத்தை ஒரு மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அது தடித்து வளர்ந்து, கரு தங்காதபோது மாதவிடாயாக வெளியேறுகிறது. இப்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, இருக்கக்கூடாத இடங்களில் வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பை, கருப்பையைத் தாங்கும் தசைநார்கள், குடல், சிறுநீர்ப்பை எனப் பல இடங்களில் அது படியலாம். மாதந்தோறும் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அங்கும் அழற்சி ஏற்படுகிறது. கருப்பையின் இரத்தத்துக்கு வெளியேற வழி உண்டு, இத்திசுவுக்கு வழியில்லை. ஆகவே சுற்றுப்புறம் புண்பட்டு, ஆறி, மீண்டும் புண்பட்டு, காலப்போக்கில் தழும்பாக இறுகுகிறது; அடுத்தடுத்த உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

மாதவிடாய் இரத்தத்தின் ஒரு பகுதி கருக்குழாய்கள் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் படிவதே இதற்குக் காரணம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927இல் விளக்கினார். அவ்விளக்கம் இன்றும் முதன்மையாகப் பேசப்படுகிறது. எனினும் அது முழு விடை அன்று. பெரும்பாலான பெண்களுக்குச் சிறிதளவு இரத்தம் பின்னோக்கிச் செல்கிறது. அவர்களுள் சிலருக்கு மட்டுமே நோய் வருகிறது. மரபணு, நோயெதிர்ப்பு ஆற்றல், ஹார்மோன் எனப் பல காரணிகள் இதில் சேர்கின்றன. ஒன்று மட்டும் உறுதி: நோயாளியின் உணவோ நடத்தையோ அலட்சியமோ இதற்குக் காரணம் அல்ல.

இது அரிய நோயும் அன்று. குழந்தைப்பேற்று வயதிலுள்ள பெண்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, உலக அளவில் சுமார் 19 கோடிப் பேருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் சிறுநீர்ப் பாதை பாதிக்கப்படுவோர் சுமார் நூறில் ஒருவர். ஆனால் நோய் ஆழமாக ஊடுருவிய பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த விகிதம் பல மடங்கு உயர்கிறது.

பையும் குழாயும்

சிறுநீர்ப் பாதையில் நோய் தங்கும் இடங்கள் முதன்மையாக இரண்டு.

ஒன்று சிறுநீர்ப்பை. கருப்பைக்கு நேர் முன்னால், அதைத் தொட்டுக்கொண்டு இருப்பது. சிறுநீர்ப் பாதையைத் தாக்கும் எண்டோமெட்ரியோசிஸ் பெரும்பாலும் இங்கேதான் காணப்படுகிறது. நோய் வெளிச்சுவரிலிருந்து தசைக்குள் ஊடுருவி ஒரு முடிச்சாக வளர்கிறது. ஆசிரியைக்கு நேர்ந்த கடுப்பு, குத்தல், அவசரம் ஆகியவை இதன் அடையாளங்கள். மாதவிடாய் நாட்களில் சிறுநீரில் இரத்தம் கலந்து வருவதும் உண்டு. ஆனால் அது சிலருக்கு மட்டுமே நேர்கிறது. இரத்தம் வரவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

மற்றொன்று சிறுநீர்க்குழாய். ஒவ்வொரு சிறுநீரகத்திலிருந்தும் சிறுநீர்ப்பைக்கு வந்து சேரும் குழாய் இது. மருத்துவர்கள் யூரிட்டர் என்பார்கள். நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர். உள்வழியோ சில மில்லிமீட்டர்களே. இடுப்புக்குழிக்குள் இறங்கிய பின் இது சினைப்பையை ஒட்டிச் சென்று, கருப்பைக்கு இரத்தம் தரும் தமனியின் கீழாகக் கடந்து சிறுநீர்ப்பையை அடைகிறது. எண்டோமெட்ரியோசிஸ் மிகவும் விரும்பித் தங்கும் இடங்களின் வழியாகவே இக்குழாய் செல்கிறது என்பதுதான் சிக்கல். வலப்புறத்தைவிட இடப்புறம் அதிகம் பாதிக்கப்படுகிறது.

பெரும்பாலோருக்குத் தழும்பு வெளியிலிருந்து குழாயை இறுக்குகிறது. சிலருக்கு நோய் குழாயின் சுவருக்குள்ளேயே வளர்கிறது. எதுவாயினும் விளைவு ஒன்றே. வாய்க்காலின் மடை அடைபட்டால் நீர் மேல்வயலில் தேங்குவது போல, சிறுநீர் வழியின்றிச் சிறுநீரகத்தில் தேங்குகிறது. அழுத்தம் கூடக் கூட, சிறுநீரகத்தின் வேலை செய்யும் திசு மெல்ல மெல்ல அழிகிறது.

கல் அடைத்தால் பெண்கள் வலியால் துடிக்கிறார்கள். இதில் ஏன் வலி இல்லை? கல் ஒரே நாளில் அடைக்கிறது. இந்நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இறுக்குகிறது. உடல் அதற்குப் பழகிவிடுகிறது. இரத்தப் பரிசோதனையும் நமக்கு உதவுவதில்லை. ஒரு சிறுநீரகம் முடங்கினாலும் மற்றது அதன் சுமையைச் சேர்த்துச் சுமப்பதால் கிரியேட்டினின் அளவு இயல்பாகவே இருக்கும். எங்கள் இரண்டாம் நோயாளிக்கு அது 0.8 என்றிருந்தது. எந்த ஆய்வகமும் அதன் அடியில் சிவப்புக் கோடு இடாது.

கண்டறியும் வழி

முதல் கருவி நாட்காட்டி. சிறுநீர்த் தொல்லை வரும் நாட்களையும் மாதவிடாய் நாட்களையும் மூன்று மாதங்களுக்குக் குறித்து வாருங்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும். தொடக்கத்தில் மாதவிடாயையொட்டி மட்டும் வரும் வலி, நோய் முற்றும்போது எல்லா நாட்களிலும் வரலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை. தொற்று என்று கூறப்பட்ட ஒவ்வொரு முறையும் கிருமி உண்மையில் வளர்ந்ததா என்று கேளுங்கள். மீண்டும் மீண்டும் கிருமி வளராத 'தொற்று' வேறு காரணத்தைத் தேடச் சொல்கிறது.

மூன்றாவது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். சிறுநீர்ப்பையில் ஓரளவு சிறுநீர் இருக்கும்போது, பயிற்சி பெற்ற மருத்துவர் யோனி வழியாகச் செய்யும் ஸ்கேனில் சிறுநீர்ப்பை முடிச்சுகளைப் பெரும்பாலும் காண முடியும். திருமணமாகாத பெண்களுக்கு இம்முறை ஏற்றதாக இராது என்று தாய்மார்கள் தயங்குவதை அறிவோம். அவர்கள் பரிசோதனையையே தவிர்க்க வேண்டியதில்லை. வயிற்றின் மேலாகச் செய்யும் ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. படமும் அவர்களுக்கு உண்டு.

அடுத்து, சிஸ்டோஸ்கோப்பி. மெல்லிய குழாய்க் கேமராவைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்ப்பது இது. நோய் வெளியிலிருந்து உள்நோக்கி வளர்வதால், உள்ளே பார்க்கும்போது சுவர் இயல்பாகத் தோன்றவும் கூடும். ஆயினும் முடிச்சு எங்கே இருக்கிறது, சிறுநீர்க்குழாய்கள் திறக்கும் வாயிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அறிய இது தேவை. வேறு நோய்கள் இல்லை என்று உறுதி செய்யவும் உதவும். சிறுநீரகம் வீங்கியிருந்தால், ஒவ்வொரு சிறுநீரகமும் எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்று தனித்தனியே காட்டும் ரீனோகிராம் ஸ்கேன் எடுக்கிறோம். முன்பெல்லாம் எண்டோமெட்ரியோசிஸை உறுதி செய்யவே லேப்ராஸ்கோப்பி தேவை என்று கருதப்பட்டது. 2022இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் அந்த நிலையை மாற்றியுள்ளன. ஸ்கேன்களின் துணையோடு நோயை அறிந்து சிகிச்சையைத் தொடங்கலாம். அதே வேளையில், ஸ்கேன் தெளிவாக இருப்பதாலேயே நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

மருந்தா, அறுவையா?

சிறுநீர்ப்பையில் மட்டும் நோய் இருந்து, சிறுநீரகங்கள் நலமாக இருந்தால் அவசரம் இல்லை. டயனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்ட்ரான் வகை மாத்திரைகளோ வேறு ஹார்மோன் சிகிச்சைகளோ பலருக்கு வலியை நன்கு கட்டுப்படுத்துகின்றன. ஆனால் இவை நோயை உறங்க வைக்கின்றனவேயன்றி, வேரறுப்பதில்லை. மாத்திரையை நிறுத்தினால் தொல்லை திரும்பலாம். மருந்தால் தணியாதவர்கள், மருந்தின் பக்க விளைவுகளைத் தாங்க இயலாதவர்கள், விரைவில் கருவுற விரும்புபவர்கள் ஆகியோருக்கு அறுவை சிகிச்சை பற்றிப் பேசுகிறோம்.

சிறுநீர்க்குழாய் அடைபட்டிருந்தால் கணக்கு மாறுகிறது. இறுகிய தழும்பை ஹார்மோன் மாத்திரை கரைக்காது. நோயாளிக்கு வலி தணிந்திருக்கும்; சிறுநீரகமோ அழிந்துகொண்டிருக்கும். இங்கே காத்திருத்தல் கூடாது. முதலில் ஸ்டென்ட் மூலமாகவோ, முதுகுப்புறத்திலிருந்து சிறுநீரகத்துக்குள் வைக்கும் வடிகுழாய் மூலமாகவோ தேங்கிய சிறுநீரை வடித்து, பின்னர் அடைப்பை நீக்குகிறோம். சிறுநீரகம் பெரும்பாலும் செயலிழந்திருந்தால், அதைக் காப்பதா அகற்றுவதா என்பதை ரீனோகிராம் அளவையும் நோயாளியின் விருப்பத்தையும் வைத்து முடிவு செய்கிறோம்.

சிறிய துளையின் வரலாறு

லேப்ராஸ்கோப்பிக்கும் சிறுநீர்ப்பைக்கும் பழைய உறவு உண்டு. சிறுநீர்ப்பைக்குள் பார்ப்பதற்காக மாக்ஸ் நிட்ஸே 1870களில் உருவாக்கிய கருவியைக் கொண்டுதான், 1901இல் ஜெர்மானிய மருத்துவர் கியோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றறைக்குள் முதன்முதலாகப் பார்த்தார். 1910இல் சுவீடனின் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயஸ் மனிதர்களிடம் அதைச் செய்தார். நெடுங்காலம் அது பார்ப்பதற்கான கருவியாகவே பெரும்பாலும் இருந்தது. 1980இல் கீல் நகரின் மகளிர் நோய் மருத்துவர் குர்ட் செம் லேப்ராஸ்கோப்பி மூலம் குடல்வாலை அகற்றியபோது எதிர்ப்பே மிகுந்தது. 1992இல் கம்ரான் நெஜாத்தும் அவருடைய குழுவினரும், எண்டோமெட்ரியோசிஸால் அடைபட்ட சிறுநீர்க்குழாயின் பகுதியை லேப்ராஸ்கோப்பி வழியே வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இணைத்த சிகிச்சையை வெளியிட்டார்கள். அதுவரை வயிற்றை நீளமாகத் திறந்து செய்த சிகிச்சை அது.

அறுவை அரங்கில்

நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "உள்ளே என்ன செய்வீர்கள்?" என்பதே. மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

முழு மயக்கம் தரப்பட்ட பின், தொப்புளில் ஒன்றும் அடிவயிற்றில் மூன்றோ நான்கோ ஆகத் துளைகள் இடப்படுகின்றன. ஒவ்வொன்றும் 5 முதல் 12 மில்லிமீட்டர். கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றறையை விரித்துக்கொள்கிறோம். கேமரா உள்ளே சென்றதும், பன்மடங்கு பெரிதாகத் திரையில் அனைத்தும் தெரிகின்றன. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடுப்புக்குழியின் ஆழம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. தழும்பு சிறிதாவதைவிட இதுவே இம்முறையின் பெரிய நன்மை என்று கருதுகிறோம்.

சிறுநீர்ப்பை முடிச்சாக இருந்தால், ஒட்டியிருக்கும் கருப்பையிலிருந்து சிறுநீர்ப்பையைப் பிரித்து, முடிச்சையும் அதைச் சுற்றியுள்ள சுவரின் சிறு விளிம்பையும் முழுத் தடிமனுடன் வெட்டி எடுக்கிறோம். அதே நேரத்தில் சிஸ்டோஸ்கோப் மூலம் உள்ளிருந்தும் பார்த்து எல்லையைக் குறித்துக்கொள்கிறோம். பின்னர் தானே கரையும் நூலால் தைத்து மூடி, நிறமிட்ட நீரை நிரப்பிக் கசிவில்லை என்று உறுதி செய்கிறோம். சிறுநீர்க் கழிப்பு வழியாகவே உள்ளே சென்று முடிச்சைச் சுரண்டிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. நோயின் வேர் சுவருக்கு வெளிப்புறத்தில் இருப்பதால் அது முழுமையான சிகிச்சை ஆகாது. சிறுநீர்ப்பையின் ஒரு பகுதி போய்விடுகிறதே என்ற அச்சம் இயல்பானது. அது விரியும் தன்மை கொண்ட உறுப்பு. முதல் சில வாரங்கள் அடிக்கடி போக வேண்டியிருக்கும். பின்னர் பெரும்பாலோருக்குக் கொள்ளளவு மீண்டுவிடுகிறது.

சிறுநீர்க்குழாயாக இருந்தால் பொறுமையே முதல் கருவி. நோய் இல்லாத உயரத்தில் குழாயைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அதன் வழியைத் தொடர்ந்து, நோயுற்ற இடத்தை நோக்கி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறங்குகிறோம். குழாயின் மேல் ஓடும் நுண்ணிய இரத்த நாளங்களைக் காக்க வேண்டும். அவை அறுந்தால் பின்னாளில் குழாய் அழுகிக் கசியக்கூடும். வெளியிலிருந்து இறுக்கம் மட்டும் என்றால், தழும்பிலிருந்து குழாயை விடுவித்தாலே போதும். பெரும்பாலோருக்கு இதுவே நடக்கிறது. சுவரே கெட்டிருந்தால் அப்பகுதியை நீக்கி முனைகளை இணைக்கிறோம். கெட்ட பகுதி சிறுநீர்ப்பைக்கு மிக அருகில் இருந்தால், குழாயைச் சிறுநீர்ப்பையில் புதிய இடத்தில் பதித்துத் தைக்கிறோம். நீளம் போதாவிடில் சிறுநீர்ப்பையை மேல்நோக்கி இழுத்து முதுகெலும்பை ஒட்டிய தசையில் பொருத்துகிறோம்.

இணைப்பு ஆறும் வரை குழாய்க்குள் 'டபுள் ஜே' ஸ்டென்ட் வைக்கப்படுகிறது. இரு முனைகளும் ஆங்கில எழுத்தான 'ஜே'யைப் போல வளைந்திருப்பதால் அப்பெயர். 1978 முதல் வழக்கில் உள்ளது.

இவ்வறுவையை ஒருவர் தனியாகச் செய்வது அரிது. மகளிர் நோய் அறுவை நிபுணரும் சிறுநீரியல் நிபுணரும் ஒரே மேசையில் நிற்க வேண்டும். குடலும் பாதிக்கப்பட்டிருந்தால் குடல் அறுவை நிபுணரும் வேண்டும். ரோபோ வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆழத்தில் தையலிடுவதை ரோபோ எளிதாக்குகிறது. ஆனால் அனுபவமுள்ள கைகளில் லேப்ராஸ்கோப்பியும் ரோபோவும் தரும் பலன்கள் ஏறத்தாழ ஒன்றே. கருவியைவிட, இவ்வகை அறுவையை வழக்கமாகச் செய்யும் குழுவைத் தேர்ந்தெடுங்கள்.

துளை சிறிது, அறுவை சிறிதன்று

'துளை வழி ஆபரேஷன்தானே' என்று எண்ணி, மூன்றாம் நாள் சமையலறைக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறோம். வெளித்தழும்பு சிறிது என்பதால் உள்ளே நடந்தது சிறிதாகிவிடாது.

இடர்களையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரத்தக்கசிவு, தொற்று, தையலில் சிறுநீர்க் கசிவு, சிறுநீர்ப் பாதைக்கும் யோனிக்கும் இடையே துளை, பின்னாளில் குழாய் மீண்டும் சுருங்குதல், காலில் இரத்தம் உறைதல் ஆகியவை நேரக்கூடும். இடுப்பு நரம்புகள் தளர்ந்து சில காலம் சிறுநீரை முழுமையாகக் கழிக்க இயலாமல் போவதும் உண்டு. இவை பெரும்பான்மையோருக்கு நேர்வதில்லை. எனினும் கையொப்பம் இடும் முன்பு ஒவ்வொன்றையும் கேட்டு அறிவது உங்கள் உரிமை.

மருத்துவமனையில் பொதுவாகச் சில நாட்கள் தங்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு நாட்கள் தோளில் வலி இருந்தால் அஞ்ச வேண்டாம். வயிற்றில் நிரப்பிய வாயுவின் விளைவு அது. சிறுநீர்ப்பை தைக்கப்பட்டிருந்தால் கதீட்டர் குழாய் 7 முதல் 14 நாட்கள் இருக்கும். அதனோடு வீட்டுக்குச் செல்லக் கூச்சப்படுபவர்கள் உண்டு. ஆறும் தையலுக்கு அது தரும் ஓய்வை நினைவில் கொண்டால் பொறுத்துக்கொள்ள எளிதாகும். பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே வையுங்கள். குழாய் மடங்காமல் பாருங்கள்.

ஸ்டென்ட் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் இருக்கும். அதுவரை அடிக்கடி சிறுநீர் வருவதும், நடந்த பின் சற்றே இளஞ்சிவப்பாகப் போவதும் இயல்பு. ஆனால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறோம்: ஸ்டென்ட் தானே கரைந்துவிடாது. வலி இல்லை என்று மறந்துவிட்டால் மாதங்கள் செல்லச் செல்ல அதன் மேல் கல் படிந்து, அதை எடுப்பதே ஒரு பெரிய அறுவையாகிவிடும். காப்பாற்ற வைத்த குழாயே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அகற்ற வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் அட்டையில் எழுதி வாங்குங்கள். வீட்டில் இருவராவது அத்தேதியை அறிந்திருக்க வேண்டும்.

குளிர் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி அல்லது உப்புசம், சிறுநீர் வராமை, யோனி வழியே நீர் போல ஒழுகுதல், கெட்டியான இரத்தக் கட்டிகள், ஒரு காலில் மட்டும் வீக்கம் இவற்றுள் எது தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராமல் வந்துவிடுங்கள்.

காயம் ஆறிய பின்பும் தொடர்பு முடிவதில்லை. சிறுநீரக ஸ்கேனைச் சில மாதங்களில் ஒரு முறையும், பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளிகளிலும் எடுக்க வேண்டும். உடனே கருவுற விரும்பாதவர்களுக்கு நோய் திரும்புவதைக் குறைக்க ஹார்மோன் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறோம். கருவுற விரும்புவோர் எப்போது முயலலாம் என்பதை அறுவையின் அளவைப் பார்த்துச் சொல்வோம். சிறுநீர்ப்பையில் தையல் போட்டவர்கள் பின்னாளில் பிரசவத்துக்குச் செல்லும்போது அறுவைக் குறிப்பை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டாருக்கு

"எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே", "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்", "ஒரு பிள்ளை பிறந்தால் போய்விடும்." இம்மூன்று வாக்கியங்களையும் எங்கள் நோயாளிகள் பெரும்பாலும் அன்புள்ளவர்களின் வாயிலிருந்தே கேட்டிருக்கிறார்கள். சொன்னவர்களைக் குறை கூறவில்லை. அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. ஆனால் இந்த ஆறுதல் மொழிகளில் கழியும் ஆண்டுகளுக்கு ஒரு விலை உண்டு. மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கோ வேலைக்கோ செல்ல முடியாத அளவு வலி, தாம்பத்திய உறவில் வலி, மலம் அல்லது சிறுநீர் கழிக்கையில் வலி ஆகியவை பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல, விசாரிக்க வேண்டியவை. மருத்துவரிடம் வரும்போது கணவரோ தாயோ உடன் வாருங்கள். பழைய அறிக்கைகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். செலவு குறித்த கவலை இருந்தால், உங்கள் காப்பீட்டில் இச்சிகிச்சைக்கு இடமுண்டா என்று அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

முதலில் கூறிய ஆசிரியைக்கு லேப்ராஸ்கோப்பி மூலம் சிறுநீர்ப்பை முடிச்சு அகற்றப்பட்டது. பத்தாம் நாள் கதீட்டரை எடுத்தோம். இரண்டு மாதங்கள் கழித்து வந்தபோது, இரண்டு பாடவேளைகளை இடைவேளையின்றி நடத்த முடிகிறது என்றார். அதுவே அவருக்குப் பெரிய செய்தி.

இரண்டாமவரின் இடது சிறுநீரகம் ரீனோகிராமில் 16 விழுக்காடு மட்டுமே வேலை செய்தது. அடைப்பை நீக்கிக் குழாயைச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பதித்தோம். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் அதே 16. மேலும் குறையவில்லை என்பதே வெற்றி. இழந்தது திரும்பவில்லை.

அவருடைய பழைய கோப்பைப் புரட்டியபோது ஒன்றைக் கண்டோம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் எங்கள் பிரிவிலேயே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தார். கருப்பை, சினைப்பைகள் இரண்டையும் பற்றி விரிவாக எழுதப்பட்டிருந்தது. சிறுநீரகங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஸ்கேன் செய்தவர் மீது பிழையில்லை. நாங்கள் எழுதிய சீட்டில் அதைக் கேட்கவில்லை. அன்று ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவிட்டிருந்தால், வீக்கம் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கக்கூடும். இதை அவரிடமும் அவர் கணவரிடமும் நாங்களே சொன்னோம். சொல்வது எளிதாக இல்லை.

அதன் பிறகு எங்கள் பிரிவில், எண்டோமெட்ரியோசிஸ் என்ற ஐயம் உள்ள எந்தப் பெண்ணின் ஸ்கேன் சீட்டிலும் ஒரு வரி அச்சிடப்பட்டே வருகிறது: 'இரு சிறுநீரகங்களையும் பார்க்கவும்.' உங்கள் வீட்டில் யாருக்கேனும் சாக்லேட் கட்டியோ எண்டோமெட்ரியோசிஸோ இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தால், அவருடைய ஸ்கேன் அறிக்கையை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் சிறுநீரகங்களைப் பற்றி எதுவும் இல்லையென்றால், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது நீங்களே கேளுங்கள். வலி இல்லாவிட்டாலும் கேளுங்கள்.